ஏழு துளைகளும் நான்காம் எண் தகடும்

அந்த மருத்துவமனையின் தரைத்தளத்தில், நடையின் கடைசியில் இருக்கும் அறையில், இருபத்திரண்டு வருஷமாக எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருக்கிறார் ஒருவர். எல்லோருக்கும் அவர் எக்ஸ்ரே அக்கா. பெரிய டாக்டர் கூப்பிடுவதும் அப்படித்தான், தெருவில் பால் பாக்கெட் போடுகிறவர் கூப்பிடுவதும் அப்படித்தான். வீட்டுக்காரர் மட்டும் "ஏம்மா" என்பார். அதுவும் கோபம் வந்தால் "எக்ஸ்ரே அக்கா கொஞ்சம் வர்றீங்களா" என்று மாறிவிடும்.

வேலைக்குச் சேர்ந்தபோது படம் கழுவும் இருட்டறைக்குத்தான் எடுத்தார்கள். ஈரப் படங்களைக் கொடியில் மாட்டித் தொங்கவிடுவது மட்டுமே வேலை. மாட்டுகிறபோதே எலும்புகளைப் படிக்கப் பழகி, பரீட்சை எழுதி, முதல் தடவை தோற்று, இரண்டாம் தடவை தேறி, இயந்திரத்துக்கு முன்னால் வந்து நின்றார். அதற்குப் பிறகு மங்கலான படம் ஒன்றுகூட அவர் கையைத் தாண்டிப் போனதில்லை. ஒருமுறை கீழே விழுந்த கொத்தனார் ஒருவருக்கு, மணிக்கட்டில் ஒன்றுமில்லை, வெறும் சுளுக்கு என்று எழுதிவிட்டார்கள். கொத்தனார் கட்டைவிரலை நீட்டுகிற விதம் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. டாக்டரிடம் போய் நின்று, கையைச் சாய்த்து வைத்து வேறொரு கோணத்தில் எடுக்க அனுமதி வாங்கினார். மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. இதை அக்கா யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. கொத்தனார்தான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்தார்.

நாற்பத்தொரு வயதில் அவர் பேஸ் கிடார் வாசிக்கத் தொடங்கினார். மருத்துவமனையின் ஆண்டு விழாவுக்காக ஊழியர்களே ஒரு பாட்டுக் குழு சேர்த்தார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் கிடார், ரத்தப் பரிசோதனைக்காரர் டிரம்ஸ், கணக்குப் பிரிவுப் பெண் பாட்டு. அடியில் ஒலிக்கும் பேஸுக்கு ஆள் இல்லை. "நாலே நாலு கம்பிதான் அக்கா, நீங்க சும்மா நின்னாக்கூடப் போதும்" என்று ஓட்டுநர் ஆசை காட்டினார். பழைய நாற்காலி மேசை விற்கிற கடையில், ஒரு நிலைக்கண்ணாடிக்குப் பின்னால், கறுப்பு வண்ணம் அப்பிய ஒரு பேஸ் கிடார் சாய்ந்து கிடந்தது. தலையில் கம்பெனிப் பெயர் இருக்கவேண்டிய இடத்தை யாரோ உளியால் செதுக்கி எடுத்திருந்தார்கள். கடைக்காரருக்கு அது எப்படி வந்தது என்றே நினைவில்லை. அக்கா அதைத் தூக்கி, கனமான கம்பியை ஒருமுறை தட்டினார். சத்தம் காதுக்கு வருமுன் விலாவுக்கு வந்தது. அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஐந்து வருஷம் வாசித்தார். சும்மா நிற்கவில்லை, உண்மையாகவே வாசித்தார். அப்புறம் ஒரு சனிக்கிழமை, கம்பியை முறுக்கும் நான்கு சாவிகளில் ஒன்று வழுக்கத் தொடங்கியது. எவ்வளவு திருகினாலும் கம்பி ஒரு பாட்டு முடிவதற்குள் தளர்ந்துவிடும்.

கிடார் பழுது பார்க்கும் கடைக்காரர் சாவியைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்தார்.

"உள்ள பல்சக்கரம் தேஞ்சுபோச்சு. இந்த அளவுல இப்ப எதுவும் வர்றதில்ல. எந்தக் கம்பெனின்னு தெரிஞ்சா தேடிப் பார்க்கலாம்."

"தெரியாதே."

கடைக்காரர் கிடாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தலையைச் சீவியிருக்காங்க. கம்பி சத்தத்தைப் பிடிக்கற பிக்கப்பை மாத்தியிருக்காங்க. வண்ணம் அஞ்சாறு தடவை அடிச்சிருக்காங்க. அக்கா, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. இது அப்பா பேர் தெரியாத புள்ள. புதுசா துளை போட்டு வேற சாவி மாட்டிடலாம். இல்லேன்னா சுவத்துல அழகுக்கு மாட்டிட்டு, ஒரு நல்லது வாங்கிக்கோங்க."

"துளை போட வேண்டாம். கம்பெனி பேரோட வர்றேன்" என்றார் அக்கா.

"எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"அது எனக்கே இன்னும் தெரியல."

ஆம்புலன்ஸ் ஓட்டுநர், பழைய கிடார் சேகரிப்பவர்களின் கைபேசிக் குழு ஒன்றில் அவரைச் சேர்த்துவிட்டார். அக்கா முன்னும் பின்னும் பக்கவாட்டிலுமாகப் பன்னிரண்டு படங்கள் எடுத்துப் போட்டார். ஒரு நாளில் ஒன்பது பதில்கள் வந்தன. ஒன்பதும் ஒன்பது திசை. ஒருவர் இது பள்ளிக்கூடக் கிடார் என்றார், இன்னொருவர் கப்பலில் வந்தது என்றார், மூன்றாமவர் இது கிடாரே இல்லை என்று வாதாடினார். மூன்றாம் நாள் குழுவின் பெரிய தலை ஒருவர் நேரடியாகப் போன் செய்தார். வீடு முழுக்கக் கிடார்கள் வைத்திருக்கிறவர் என்று பெயர்.

"அம்மா, உங்ககிட்ட இருக்கறது சாதாரணப் பொருள் இல்ல. வெளிநாட்டுல ரொம்பக் கொஞ்சமாச் செஞ்ச முதல் வரிசை. உடம்போட வளைவைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். கழுத்தைக் கழட்டிப் பாருங்க, உள்ள ஒரு முத்திரை இருக்கும்."

அன்று சாயங்காலமே அக்கா சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்து, நான்கு திருகாணிகளையும் கழற்றி, கழுத்தைப் பிரித்தார். முத்திரை இல்லை. வெறும் மரம், உளி ஓடிய தடம். தடம்கூட நேராக இல்லை.

"முத்திரை இல்லையே சார்" என்று போனில் சொன்னார்.

"அப்ப யாராவது சுரண்டியிருப்பாங்க. அதுவே ஒரு அத்தாட்சிதான். சுரண்டற அளவுக்கு அதுல ஏதோ இருந்திருக்கு பாருங்க."

அக்கா நன்றி சொல்லிப் போனை வைத்தார். இருந்தால் அது அத்தாட்சி, இல்லாவிட்டால் அதுவும் அத்தாட்சி என்றால் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? விரிசல் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே கட்டுப் போடுகிற மாதிரி இருந்தது அவருக்கு. அந்தப் பெரிய மனிதர் சொன்னதை அவர் கடைக்காரரிடம் கொண்டுபோகவில்லை. கழுத்தை மறுபடி பொருத்தினார்.

"இவ்வளவு வண்ணத்துக்கு அடியில என்ன இருக்குன்னு எப்படிப் பார்க்கறது?" என்றார் வீட்டுக்காரரிடம். அவர் குடிநீர் வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கிறவர். நாள் முழுக்க நடந்துவிட்டு வந்து காலை வாளித் தண்ணீரில் ஊறவைத்திருந்தார்.

"என்னைக் கேக்கறியா? உள்ள இருக்கறதைப் பார்க்கறதுதானே உனக்கு உத்தியோகமே."

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். அக்கா அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

மருத்துவமனையில் அப்போதுதான் புதுக் கருவி வந்திருந்தது. பழைய எக்ஸ்ரே இயந்திரத்தை அடுத்த மாதம் எடுத்துக்கொண்டு போகப்போகிறார்கள். காலாவதியான படத்தாள் இரண்டு பெட்டி, தொட ஆளில்லாமல் அலமாரியில் கிடந்தது. அக்கா பெரிய டாக்டரின் அறைக்குப் போய் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நோயாளி பேர் என்ன எழுதுவீங்க?"

"பேர் தெரியாதுன்னு எழுதுவேன் சார்."

"வயசு?"

"அதுவும்தான் தெரியணும்."

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சாப்பாட்டு நேரத்துல எடுத்துக்கோங்க. வெளியில ஆள் நிக்கக் கூடாது. படம் வந்தா எனக்கும் காட்டணும், அதுதான் நிபந்தனை."

மறுநாள் மதியம் மேசைமேல் கிடாரைப் படுக்க வைத்தார். மரத்துக்கு எவ்வளவு கதிர் வைப்பது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. குழந்தையின் கைக்கு வைக்கும் அளவில் தொடங்கினார். முதல் படம் முழுக்க வெளுப்பு. இரண்டாவதில் கொஞ்சம் தெரிந்தது. நான்கு நாள் மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே முடித்து, ஐந்தாம் நாள் சரியான அளவைப் பிடித்தார். ஒரே தாளில் கிடார் அடங்கவில்லை. ஆறு படமாக எடுத்து, ஒட்டி, வெளிச்சப் பலகையில் மாட்டினார்.

கறுப்பு வண்ணம் காணாமல் போயிருந்தது. மரத்தின் இழைகள் நீரோட்டம் போலத் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே, வெளியில் இருந்து பார்த்தால் இல்லவே இல்லாத காயங்கள்.

அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கிடாருக்கு மேலும் கீழுமாக இரண்டு கொம்புகள். தோளில் மாட்டும் வாருக்கான குமிழ் மேல்கொம்பில்தான் இருக்கும். இதிலும் அங்கேதான் இருந்தது. ஆனால் கீழ்க்கொம்பின் உள்ளே ஓர் உடைந்த திருகாணியின் முனை பளிச்சென்று வெள்ளையாகக் கிடந்தது. அங்கேயும் ஒரு காலத்தில் வார் மாட்டியிருந்தார்கள். அப்படியானால் கிடாரைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள், இடது கைக்காரர் பிடிப்பது போல. சத்தம் கூட்டும் குமிழ்களுக்கு எதிர்ப் பக்கத்திலும் இரண்டு வட்டத் துளைகள், மரத்தால் அடைத்தவை; அடைப்பைச் சுற்றிப் பசைக் கோடு தெரிந்தது. அதுவும் அதையே சொன்னது.

"முதல்ல இதை வச்சிருந்தவர் இடது கைக்காரர்" என்றார் பின்னால் வந்து நின்ற டாக்டர்.

"நானும் அப்படித்தான் சார் நினைச்சேன். இதைப் பாருங்க." அக்கா மேல்கொம்பில் பென்சிலை வைத்தார். அங்கே ஒரு பெரிய துளையை மரத்தால் அடைத்து, அந்த அடைப்புக்குள்ளேயே இப்போதுள்ள சின்னத் துளையைப் போட்டிருந்தார்கள். "இங்க முன்னாடியே ஒரு துளை இருந்திருக்கு. அதை அடைச்சிருக்காங்க. அப்புறம் திரும்பப் போட்டிருக்காங்க. வலது, இடது, மறுபடி வலது."

"பாதியில கை மாத்தினாரா? யாராவது அப்படிச் செய்வாங்களா?"

அக்கா பென்சிலைக் கீழே நகர்த்தினார். உடலின் நடுவில், கம்பிகளுக்கு அருகே, ஒரே வரிசையில் ஏழு சின்ன வெள்ளைப் புள்ளிகள். சுவருக்குப் பூசும் பட்டியை வைத்து அடைத்த திருகாணித் துளைகள். ஒன்றிலிருந்து மற்றொன்று விரற்கடைகூட இல்லை. கிடாரை மீட்டும் கையின் கட்டைவிரலை ஊன்றிக்கொள்ள ஒரு சின்னக் கட்டையை வைப்பது வழக்கம். ஒரு தடவை வைத்தால் போதும். இவர் ஏழு இடங்களில் வைத்துப் பார்த்திருக்கிறார். இது பழகிய கை இல்லை. எங்கே ஊன்றினால் நிற்கலாம் என்று இடம் தேடிய கை.

இருபத்திரண்டு வருஷத்தில் அக்கா எத்தனையோ கைகளைப் பார்த்திருக்கிறார். ரம்பத்தில் போனவை, கதவிடுக்கில் போனவை, இயந்திரத்தில் போனவை.

"இவருக்கு இடது கையில விரல் போயிருக்கு சார்," என்றார் நிதானமாக. "கம்பியை அழுத்த முடியாமப் போயிருக்கு. அதனால கிடாரைத் திருப்பிட்டு, நல்லா இருக்கற கையால அழுத்தி, விரல் போன கையால மீட்டியிருக்காரு. முதல்லேருந்து கத்துக்கிட்டிருக்காரு."

டாக்டர் தன் இடது கை விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு வார்டுக்குப் போனார்.

அன்று வரை அக்கா தேடியது ஒரு கம்பெனியை. அதற்குப் பிறகு ஓர் ஆளைத் தேடினார்.

துப்பும் அதே படத்தில்தான் இருந்தது. கழுத்தையும் உடலையும் சேர்க்கிற இடத்தில், முதுகுப் பக்கம், ஓர் அலுமினியத் தகடு உண்டு. கடைசிப் படத்தில் அந்தத் தகட்டுக்குள் மங்கலாக ஒரு வட்டமும், வட்டத்துக்குள் இடவலம் மாறிய ஒரு 4-ம் தெரிந்தன. தகட்டின் உட்பக்கம் தோல் துண்டு ஒட்டியிருந்ததால், கழுத்தைக் கழற்றியபோது அவர் கவனிக்கவில்லை. வீட்டுக்குப் போய்த் தோலை மெதுவாக உரித்தார். ஆழமாக வெட்டிய எண், சுற்றி வட்டம், கீழே மூன்று புள்ளிகள்.

வீட்டுக்காரர் தட்டில் இருந்து தலையை நிமிர்த்தினார். "இதை நான் பார்த்திருக்கேனே."

"எங்க?"

"அட்டைப்பெட்டி ஆலையில. தண்ணி மீட்டர் மெஷின் ஹாலைத் தாண்டி இருக்கு. ஒவ்வொரு மெஷின்லயும் இந்த மாதிரி வட்டத்துக்குள்ள நம்பர், கீழ புள்ளி. பதினாலு வருஷமா அதைப் பார்த்துக்கிட்டேதான் போயிட்டு வர்றேன்."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"தோலை இப்பதானே உரிச்ச?"

வார விடுமுறையன்று இருவருமாகவே போனார்கள். வாசல் காவலருக்கு வீட்டுக்காரரைத் தெரியும் என்பதால் உள்ளே விட்டார். மெஷின் ஹாலில் பேச்சு கேட்காது, தரையே அதிர்ந்துகொண்டிருந்தது. ஆலையில் எல்லோரிலும் மூத்தவரான ஃபிட்டர், கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். அக்கா தகட்டை நீட்டினார். அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இருவரையும் வெளியே கூட்டிப் போய்க் குழாயடியில் நிறுத்தினார்.

"இது எப்படி உங்க கைக்கு வந்துச்சு? முப்பது வருஷத்துக்கு முன்னாடி இது எங்க போச்சுன்னு என்னை மூணு நாள் விசாரிச்சாங்க. தெரியாதுன்னே சாதிச்சேன்."

"தெரியுமா?"

"நான்தானே கழட்டிக் குடுத்தேன்." அவர் சிரித்தார். "நாலாம் நம்பர் வெட்டு மெஷின். அதுல வேலை பார்த்தவங்க இடியக்கா. ஆலைப் பாட்டுக் குழுவுல பேஸ் வாசிப்பாங்க. அவங்க வாசிச்சா ஜன்னல் கண்ணாடி நடுங்கும், அதனால அந்தப் பேர். அப்புறம் அதே மெஷின்ல கை மாட்டிக்கிச்சு. ரெண்டு விரல்."

"இடது கை" என்றார் அக்கா.

ஃபிட்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு சொன்னா உங்களுக்கு?"

"கிடார்."

இடியக்கா உயிரோடு இருந்தார். மகன் குடும்பத்தோடு மூன்றாவது மாடியில் வீடு. எழுபத்தொரு வயது, நிமிர்ந்த நடை. கதவைத் திறந்தவர் முதலில் ஃபிட்டரைப் பார்த்தார், பிறகு அக்காவின் தோளில் தொங்கியதைப் பார்த்தார். உள்ளே வாருங்கள் என்று சொல்லக்கூட மறந்து, உறையின் இழுப்பை அவரே திறந்தார்.

"கறுப்பு அடிச்சுட்டானா பாவி" என்றார். பக்கத்து வீட்டுக்காரரின் அக்காள் மகனுக்குக் கொடுத்ததாம். தோள் வலி தாங்காமல், வாசிக்கிறவனிடம் இருக்கட்டுமே என்று கொடுத்தது. வலது பக்கம் மாற்றியதும் கறுப்புப் பூசியதும் அவன் வேலைதான்.

"அக்கா, இது எந்தக் கம்பெனி?" என்று எக்ஸ்ரே அக்கா கேட்டார். ஐந்து வாரமாக அவரை அலைய வைத்த கேள்வி.

"கம்பெனியா? நாலாம் நம்பர் மெஷின்ல அட்டை அடுக்கற பலகையை மாத்தினாங்க. பழசைத் தூக்கிப் போட்டாங்க. நல்ல மரம். இவன் அறுத்துக் குடுத்தான்" என்று ஃபிட்டரைக் காட்டினார். "உளி பிடிக்கத் தெரியாது, கோணல்மாணலா வெட்டி வச்சான். கழுத்து ஒரு கடையில உடைஞ்ச கிடார்லேருந்து வந்துச்சு. அது தலையில எவன் பேரோ இருந்துச்சு. நான் வாசிக்கறதுல எவன் பேரோ எதுக்குன்னு நானே செதுக்கிட்டேன்."

"அப்ப இந்தத் தகடு?"

இடியக்கா இடது கையை மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியில் நின்றிருந்தன. "ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததும் இவன்கிட்ட சொன்னேன். அந்த மெஷின் என்கிட்டேருந்து ரெண்டு எடுத்திருக்கு, நான் அதுகிட்டேருந்து ஒண்ணாவது எடுக்கணும்னு. மறுநாளே நம்பர் தகட்டைக் கழட்டிக்கிட்டு வந்துட்டான்."

எக்ஸ்ரே அக்கா படங்களைச் சுருளிலிருந்து பிரித்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினார். வெயில் பின்னாலிருந்து விழுந்தது. இடியக்கா கிட்டத்தில் போய், ஒவ்வொரு காயத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தார். உடைந்த திருகாணியில் நின்றார். "இது உடைஞ்ச அன்னிக்கு நான் அழுதேன். விரல் போனப்பகூட அழல."

"கட்டைவிரலுக்கு இடம் தேடி ஏழு தடவை மாத்தியிருக்கீங்க" என்றார் அக்கா.

"ஒன்பது."

"ஏழுதான் தெரியுது."

"முதல் ரெண்டையும் தீக்குச்சி சொருகித்தான் அடைச்சேன். அப்புறம்தான் பட்டி வாங்கினேன்."

அக்கா படத்தைப் பார்த்தார். பசையில்லாமல் சொருகிய மெல்லிய தீக்குச்சி, மரத்துக்குள் மரம், படத்தில் தெரியாதுதான். பையிலிருந்து பென்சிலை எடுத்து, இடியக்கா காட்டிய இரண்டு இடங்களிலும் சின்ன வட்டம் போட்டு, பக்கத்தில் 'தீக்குச்சி' என்று எழுதிக்கொண்டார்.

"எத்தனை நாள் ஆச்சு பழக?"

"ரெண்டு வருஷம். முதல் ஆறு மாசம் வீட்டுல எல்லாருக்கும் தலைவலி. இவரு," என்று சுவரில் இருந்த கணவரின் படத்தைக் காட்டினார், "காதுல பஞ்சு வச்சுக்கிட்டுச் சாப்பிடுவாரு. விடுன்னு ஒரு தடவைகூடச் சொல்லல. அதுக்கப்புறம் எட்டு வருஷம் மேடையில வாசிச்சேன்."

கிளம்பும்போது அக்கா கிடாரைச் சுவரோரம் வைத்துவிட்டு உறையை மட்டும் எடுத்தார். இடியக்கா அதைக் கவனித்துவிட்டார்.

"இதென்ன?"

"உங்களோடதுக்கா."

"என் தோள் தாங்காது. இங்க இருந்தா பேரப்புள்ளைங்க ஈரத்துணி காயப்போடுவாங்க. நீ வாசிக்கிறியா, இல்ல சும்மா மாட்டிக்கிட்டு நிக்கிறியா?"

"வாசிக்கிறேன்."

"அப்ப எடுத்துக்கிட்டுப் போ. அந்தப் படத்தை வச்சுட்டுப் போ."

சாவிக்கு வழி ஃபிட்டர் சொன்னார். கம்பெனியே இல்லாத கிடாருக்கு எந்தக் கம்பெனியிடம் சாமான் கேட்பது? தேய்ந்த பல்சக்கரத்தை வாங்கிக்கொண்டு போய், ஆலையின் லேத்தில் பித்தளையில் புதிதாகக் கடைந்து, பற்களை அரத்தால் ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு வாரத்தில் கொடுத்தார். முதல் முயற்சி இறுகியது. இரண்டாவது வெண்ணெய் போலச் சுழன்றது. பழுதுக் கடைக்காரர் அதைப் பொருத்திவிட்டு, தன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேனாவோடு காத்திருந்தார். அக்கா சொல்லச் சொல்ல எழுதினார்: உடல், அட்டைப்பெட்டி ஆலையின் பலகை. கழுத்து, உடைந்த கிடாருடையது. செய்தவர், இடியக்காவும் ஃபிட்டரும். வலது, இடது, மறுபடி வலது என்று இரண்டு தடவை கை மாறியது. கம்பெனி என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார்.

அந்த வருஷ ஆண்டு விழா, மருத்துவமனையின் கூட்ட அறையில் மாலை நான்கு மணிக்கு நடந்தது. ஆறு பாட்டு. டிரம்ஸ்காரர் மூன்றாவது பாட்டில் குச்சியைத் தவறவிட்டார். கணக்குப் பிரிவுப் பெண் ஒரு சரணத்தை இரண்டு தடவை பாடினார். கம்பி கடைசி வரை தளரவில்லை. நான்காவது பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது, டாக்டருக்குப் பக்கத்தில் மரியாதையாக உட்கார வைத்திருந்த இடியக்கா எழுந்தார். எல்லோரும் வழிவிட, முழங்கால்களைக் கடந்து, மேடையோரம் இருந்த பெரிய ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இடது உள்ளங்கையை, பேஸில் அதிர்ந்துகொண்டிருந்த அதன் மரப்பெட்டிமேல் வைத்துக்கொண்டார்.